யூனி கட்டணம்: பர்சரி, சிபிஎஃப், வங்கிக் கடன், எதை முதலில் பார்ப்பது?

ஈசூன்_அப்பா:

வணக்கம். மகளுக்கு என்டியூவில் (சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் வகுப்பு ஆரம்பம். மகன் பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு. குடும்பக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கும் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

நான் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், வயது 52. கார் வாடகை, பெட்ரோல் எல்லாம் கழிப்பதற்கு முன் மாதம் 5,000 வெள்ளி வரும். மனைவி பாலர் பள்ளியில் உதவியாளர். கையில் 1,200 வெள்ளி வாங்குகிறார், ஆண்டுக் கடைசியில் ஒரு மாத போனஸ் உண்டு. அவர் நிரந்தரவாசி, நானும் பிள்ளைகளும் குடிமக்கள். என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார், வருமானம் இல்லை. நான்கறை வீட்டின் கடன் என் சிபிஎஃபிலிருந்து (மத்திய சேமநிதி, சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) போகிறது.

கேட்க நினைப்பது இவை. பர்சரிக்கு (வருமானத்தைப் பார்த்துத் தரும் கல்வி உதவிநிதி) என் வருமானம் 5,000 என்று போட்டால் கிடைக்காமல் போய்விடுமா? மனைவி நிரந்தரவாசி என்பதால் சிக்கல் வருமா? பர்சரியும் கடனும் சேர்த்து வாங்கலாமா? சிபிஎஃபில் எடுப்பதா, வங்கியில் எடுப்பதா? சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாகச் சொல்லுங்கள்.


கட்டண_மேசை:

முதலில் மகளுக்கு வாழ்த்துகள், ஐயா. கடனைப் பற்றிய பேச்சைச் சற்றுத் தள்ளி வையுங்கள். திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம் எவ்வளவு வரும் என்று தெரிந்த பிறகுதான் கடன் எவ்வளவு வேண்டும் என்பதே தெரியும். உங்கள் குடும்பக் கணக்கில் மூன்று இடத்தில் எண் மாறும்.

அரசாங்கப் பர்சரிக்குப் பார்ப்பது தனிநபர் வருமானம். வீட்டிலுள்ள எல்லாருடைய மொத்த மாத வருமானத்தைக் கூட்டி, வீட்டிலுள்ள ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அந்த எண் எந்தப் பிரிவில் விழுகிறதோ அதற்கேற்ற தொகை. ஆகவே மேலே போடும் வருமானமும் கீழே போடும் தலைக்கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் 5,000 வெள்ளியை அப்படியே எழுதக் கூடாது. அது ஓட்டத்தின் வசூல், உங்கள் வருமானம் அல்ல. சுயதொழில் செய்பவருக்கு ஆதாரமாக எடுப்பது உள்நாட்டு வருமான வரி ஆணையம் அனுப்பும் மதிப்பீட்டு அறிவிப்பு. டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள் ரசீது காட்டாமலேயே வசூலில் 60 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ள அந்த ஆணையம் அனுமதிக்கிறது. உங்கள் ஆண்டு வசூல் 60,000. அதில் 36,000 போனால் 24,000, மாதத்துக்கு 2,000 வெள்ளி. அறிவிப்பில் தொழில் வருமானம் என்ற வரியில் வரும் எண் இதுதான். ஓட்டுநர்களின் பிள்ளைகள் பலர் செயலியில் தெரியும் வார வசூலைக் கூட்டிப் போட்டுவிட்டு, மேல் பிரிவுக்குத் தள்ளப்பட்டுக் குறைந்த தொகை வாங்குகிறார்கள், அல்லது ஒன்றுமே கிடைக்காமல் போகிறது. மின்னியல் முறையில் வரி தாக்கல் செய்ய ஏப்ரல் 18 கடைசி நாள். அதைத் தள்ளிப்போட்டால் அறிவிப்பும் தள்ளிப்போகும், பர்சரி விண்ணப்பம் ஆதாரம் இல்லாமல் நிற்கும். வரி கட்டவேண்டியதில்லை என்பதால் தாக்கல் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

மனைவி விஷயத்தில் இதற்கு நேர்மாறு. 1,200 என்பது சிபிஎஃப் பிடித்தம் போகக் கையில் வருவது. படிவம் கேட்பது பிடித்தத்துக்கு முந்திய சம்பளம். 55 வயதுக்கு உட்பட்டவருக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு என்பதால் அவருடைய சம்பளம் 1,500 வெள்ளியாக இருக்கும், சம்பளச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். போனஸையும் பன்னிரண்டால் வகுத்துச் சேர்ப்பார்கள்: 125. இதைக் குறைத்துப் போட்டாலும் பயனில்லை, சிபிஎஃப் பதிவில் முழுச் சம்பளமும் தெரிந்துவிடும். எழுதியதும் பதிவும் ஒத்துவராவிட்டால் விளக்கம் கேட்டு விண்ணப்பம் வாரக்கணக்கில் நிற்கும்.

ஆக, 2,000 + 1,500 + 125 = 3,625 வெள்ளி. ஐந்து பேர் என்றால் தலைக்கு 725. பாட்டியை விட்டுவிட்டு நான்கால் வகுத்தால் 906.25. ஒரே வீடு, ஒரே சம்பளம், எண் மட்டும் 181 வெள்ளி ஏறிவிடுகிறது. அதனால்தான் கேட்கிறேன்: அம்மாவின் அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்கிறது? முன்பு உங்கள் அண்ணன் தம்பி வீட்டில் இருந்து, பிறகு உங்களிடம் வந்து, முகவரியை மாற்றாமல் விட்டிருந்தால் அவரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வீடு மாறி 28 நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டமும்கூட. விண்ணப்பத்துக்கு முன்பே இதைச் சரிசெய்யுங்கள். ஊரில் இருக்கும் மாமனார் மாமியாருக்கு மாதாமாதம் பணம் அனுப்பினாலும் அவர்கள் இந்தத் தலைக்கணக்கில் வர மாட்டார்கள்.

மனைவி நிரந்தரவாசி என்பது தடையில்லை. பர்சரிக்குக் குடிமகனாக இருக்கவேண்டியது மாணவர்தான். மனைவியின் வருமானமும் கணக்கில் வரும், தலையும் கணக்கில் வரும்.

தொகை எவ்வளவு என்றால், 2019 தேசிய தினப் பேரணியில் அறிவித்து 2020 கல்வியாண்டு முதல் நடப்புக்கு வந்த உயர்வின்படி, ஆகக் குறைந்த வருமானப் பிரிவில் பொதுப் பட்டப்படிப்புக் கட்டணத்தின் முக்கால் பங்கு வரை பர்சரியே பார்த்துக்கொள்ளும்; மாணவர் கட்டவேண்டியது ஆண்டுக்குச் சுமார் 2,000 வெள்ளி என்று அப்போது சொன்னார்கள். பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு 95 விழுக்காடு, கையிலிருந்து சுமார் 150 வெள்ளி. ஆக, மகனும் விண்ணப்பிக்க வேண்டும். அக்காவுக்கு வாங்கியாயிற்று, தம்பிக்கு வேண்டாம் என்று எந்த விதியும் இல்லை. வருமான வரம்புகளை அமைச்சு அவ்வப்போது உயர்த்துகிறது, ஆகவே பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு நமக்குக் கிடைக்காது என்று முடிவுகட்டாமல், இந்தக் கல்வியாண்டின் அட்டவணையைக் கல்வி அமைச்சின் பக்கத்தில் பாருங்கள். பர்சரிக்கு மேல் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த நிதியிலிருந்து தரும் உதவியும் உண்டு. கீழ்ப் பிரிவில் இருக்கும் குடிமக்களுக்கு மீதிக் கட்டணத்தையும் ஈடுகட்டும் திட்டங்கள் இருப்பதால், என்டியூவின் நிதியுதவி விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தையும் விடாமல் தேர்வுசெய்யச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் வழக்கமாகச் சிக்கும் இடம் ஒன்று உண்டு. சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான நுழைவுக் கணக்கு) வழி வருமானத் தகவலை எடுக்க வீட்டிலுள்ள பெரியவர்கள் தனித்தனியாக ஒப்புதல் தரவேண்டும். மகள் தன் பகுதியை முடித்து "அனுப்பியாயிற்று" என்று நினைத்துக்கொண்டிருப்பாள். ஒருவர் ஒப்புதல் தராததால் விண்ணப்பம் பாதியில் நிற்கும். அம்மாவிடம் சிங்பாஸ் இல்லையென்றால் முன்கூட்டியே எடுத்துவையுங்கள், அல்லது ஆவணங்களைப் பதிவேற்றும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பர்சரிக்கு ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் நாள்காட்டியில் குறித்துவையுங்கள். முதலாம் ஆண்டு வாங்கிவிட்டு இரண்டாம் ஆண்டு தானாக வரும் என்று இருந்து தவறவிடும் பிள்ளைகள் நிறைய.


வட்டிக்_கணக்கு:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். கடன் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். பர்சரியும் கடனும் சேர்த்து வாங்கலாம், தடையில்லை.

வங்கி வழி வருவது கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடன். டிபிஎஸ், ஓசிபிசி இரண்டும் இதை நடத்துகின்றன; மகளின் யூனிக்கு எந்த வங்கி என்று யூனி பக்கத்தில் இணைப்பு இருக்கும். குடிமக்கள் கட்டும் மானியக் கட்டணத்தில் (அரசாங்க மானியம் போக மீதி) 90 விழுக்காடு வரை கிடைக்கும் (பாலிடெக்னிக்குக்கு 75). படிக்கும் காலம் முழுவதும் வட்டி இல்லை. படிப்பு முடிந்த பிறகு வட்டி ஓடும். வேலை கிடைத்ததும், கிடைக்காவிட்டாலும் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுக்குள், திருப்பிக் கட்ட ஆரம்பிக்க வேண்டும். குறைந்தது மாதம் 100 வெள்ளி, அதிகபட்சம் 20 ஆண்டு.

சிபிஎஃப் கல்விக் கடன் திட்டத்தில் பெற்றோரின் சிபிஎஃப் சாதாரணக் கணக்கிலிருந்து (வீடு, கல்வி போன்றவற்றுக்கு எடுக்கக்கூடிய பகுதி) கட்டணம் போகும். பணம் எடுத்த நாளிலிருந்தே 2.5 விழுக்காடு வட்டி ஏறும். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துப் பிள்ளை ரொக்கமாகத் திருப்பிக் கட்ட ஆரம்பிக்க வேண்டும், அதிகபட்சம் 12 ஆண்டு.

"சிபிஎஃபில் வட்டி குறைவு, அதையே எடு" என்பார்கள். பாதிதான் சரி. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 8,000 வெள்ளி கட்டணம், நான்கு ஆண்டு, அதில் 90 விழுக்காட்டைக் கடனாக எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம் (உண்மையான கட்டணம் சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும்). ஆண்டுக்கு 7,200, மொத்தம் 28,800 வெள்ளி. மகள் பட்டம் வாங்கும் அன்று வங்கிக் கடன் அதே 28,800-தான். சிபிஎஃபில் அதற்குள் சுமார் 30,650 ஆகியிருக்கும். பட்டம் வாங்கியதும் மாதாமாதம் ஒரே அளவு கட்டுகிறாள், வங்கி வட்டி 4.75 என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டில் முடித்தால் வங்கிக்கு மொத்தம் 32,400, சிபிஎஃபுக்கு 32,600. அதாவது ஏறத்தாழ ஒன்றேதான். ஐந்து ஆண்டுக்கு முன்பே அடைத்துவிட முடியும் என்றால் வங்கிக் கடன் லாபம். பத்து ஆண்டு இழுத்தால் வங்கிக்கு 36,200, சிபிஎஃபுக்கு 34,700. அங்கே சிபிஎஃப் சுமார் 1,500 வெள்ளி குறைவு. வங்கி விகிதம் மாறக்கூடியது என்பதையும் மனதில் வையுங்கள்.

அந்த "குறைந்தது 100 வெள்ளி" என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 28,800 வெள்ளிக்கு 4.75 விழுக்காடு என்றால் மாத வட்டியே 114 வெள்ளி. நூறு வெள்ளி கட்டிக்கொண்டிருந்தால் அசல் ஒரு காசு குறையாது, கடன் வளரும். அதேபோல, வேலை கிடைக்கவில்லை என்று கட்டுவதைத் தள்ளிப்போட்டாலும் வட்டி தள்ளிப்போவதில்லை.

இனி உங்கள் வீட்டு நிலைமைக்கு வருகிறேன். நான்கறை வீட்டுத் தவணை உங்கள் சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது. முழுநேரக் காரோட்டி என்றால் அந்தக் கணக்கில் புதிதாக என்ன சேர்கிறது என்று பாருங்கள். 2025 ஜனவரி முதல் இணையத்தள ஊழியர்களுக்கு (உங்களைப் போல் செயலி வழி ஓட்டுபவர்கள்) முழுச் சிபிஎஃப் கட்டாயம் என்றாலும், அது 1995-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான். உங்கள் வயதுக்காரர்கள் தாங்களாக விருப்பம் தெரிவித்தால்தான் சாதாரணக் கணக்குக்கு ஏதாவது போகும்; இல்லையென்றால் மெடிசேவ் (சிபிஎஃபில் மருத்துவத்துக்கான பகுதி) மட்டும். ஆக, உள்ளே வருவது சொட்டு, வெளியே போவது தவணை. அதிலிருந்து கட்டணத்தையும் எடுத்தால் இரண்டு மூன்று ஆண்டில் வீட்டுத் தவணைக்கு ரொக்கம் தேடவேண்டிவரும். எடுக்கக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு, சேர்ந்த சேமிப்பில் 40 விழுக்காடு. உங்கள் எண் எவ்வளவு என்று சிபிஎஃப் பக்கத்தில் சிங்பாஸ் போட்டு நுழைந்தாலே காட்டும். 55 வயதும் நெருங்குகிறது. உங்கள் இடத்தில் சிபிஎஃபைத் தொடாமல் வங்கிக் கடனைத்தான் சொல்வேன்.

சிபிஎஃபுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும்: மகள் கட்டும் வட்டி வங்கிக்குப் போகாமல் உங்கள் கணக்குக்கே திரும்பி வருகிறது. வீட்டுக் கடன் முடிந்த, நிலையான சம்பளக்காரப் பெற்றோருக்கு அது நல்ல வழி. மனைவியின் கணக்கில் ஓரளவு சேர்ந்திருந்து, அவர் வீட்டுத் தவணைக்குப் பயன்படுத்தவில்லை என்றால், மீதமுள்ள 10 விழுக்காட்டுக்கு மட்டும் அதைப் பார்க்கலாம்.


ஈசூன்_அப்பா:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அம்மாவின் அட்டையில் இன்னும் தம்பி வீட்டு முகவரிதான் இருக்கிறது, இந்த வாரமே மாற்றிவிடுகிறோம்.

இன்னும் ஒரு குழப்பம். பர்சரி முடிவு வர நாளாகும் என்கிறார்கள், ஆனால் கட்டணத்துக்குக் கெடு தேதி அதற்கு முன்பே வந்துவிடும். பர்சரி வரும் வரை கட்டாமல் இருக்கலாமா? பிள்ளைகளின் எடுசேவ் (பள்ளிக்காலத்தில் அரசாங்கம் போட்ட கல்விச் சேமிப்பு) பணம் மிச்சம் இருக்கும் என்று மனைவி சொல்கிறார், அதை எடுக்க முடியுமா? வங்கிக் கடனுக்குக் கேரண்டராக (உத்தரவாதக் கையெழுத்துப் போடுபவர்) யாரைப் போடுவது?


கட்டண_மேசை:

காத்திருக்காதீர்கள். பர்சரி வருமென்ற நம்பிக்கையில் கட்டணத்தை நிறுத்திவைத்தால் தாமதக் கட்டணம் போடுவார்கள், பாடப் பதிவும் தடைபடலாம். கடன் ஏற்பாட்டைக் கெடு தேதிக்கு முன் முடித்துவிடுங்கள். வங்கி நேரடியாக யூனிக்குக் கட்டிவிடும். ஒருமுறை விண்ணப்பித்தால் படிப்பு முழுவதற்கும் பருவந்தோறும் அது தொடரும், ஆண்டுக்கு ஆண்டு அலைய வேண்டாம். 90 விழுக்காடுதான் எடுக்க வேண்டும் என்றில்லை, குறைவாகவும் எடுக்கலாம்.

பிறகு பர்சரி வரும்போது நிலுவைக் கட்டணம் இருந்தால் அதற்குப் போகும், இல்லையென்றால் மகளின் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தப் பணம் மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது கடனை அடைக்கவேண்டிய பணம்.


வட்டிக்_கணக்கு:

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பர்சரி வந்த அன்றே கடனை அடைக்கவேண்டிய அவசரமும் இல்லை. படிக்கும் காலத்தில் வட்டி பூஜ்யம். மகள் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்து, கடைசிப் பருவம் முடிந்து வட்டி ஓட ஆரம்பிப்பதற்கு முன் மொத்தமாகக் கட்டினால் போதும். அதுவரை அந்தப் பணம் ஏதோ கொஞ்சம் வட்டி தரும், அவசரத்துக்கும் கைகொடுக்கும். சிபிஎஃபில் எடுத்திருந்தால் இந்த யோசனை செல்லாது. அங்கே முதல் நாளிலிருந்தே வட்டி ஏறுவதால் எவ்வளவு சீக்கிரம் திருப்பிப் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

எடுசேவ் மிச்சம் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறியிருக்கும். குடிமக்களான உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அது இருக்கும். தன் கட்டணத்துக்கு மட்டுமல்ல, உடன்பிறப்பின் கட்டணத்துக்கும் எடுக்கலாம். அதிலுள்ள பணம் சிபிஎஃப் சாதாரணக் கணக்கைப் போலவே 2.5 விழுக்காடு வளரும். 31 வயதாகும் ஆண்டில் மிச்சம் இருப்பது அவர்களுடைய சிபிஎஃப் கணக்குக்குப் போய்விடும். கட்டணத்துக்கு மட்டுமன்றி, கல்விக் கட்டணக் கடனையும் சிபிஎஃப் கல்விக் கடனையும் அடைக்கவும் அதைப் பயன்படுத்தலாம். ஆகவே கையில் ரொக்கம் இருந்தால் அந்த 10 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்டிவிட்டு, கல்விக் கணக்கை அப்படியே வளரவிட்டு, பட்டம் வாங்கியதும் வங்கிக் கடனில் கொட்டுவது கணக்குப்படி சிறந்தது. ரொக்கம் நெருக்கடி என்றால் தயங்காமல் 10 விழுக்காட்டை அதிலிருந்தே எடுங்கள். படிவம் இரண்டு வகை: ஒருமுறை எடுக்க ஒன்று, பருவந்தோறும் தானாக எடுக்க ஒன்று. இரண்டாவதைப் போட்டுவிட்டு மறந்துவிட்டால் கணக்கு சத்தமில்லாமல் காலியாகிவிடும், தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

கேரண்டருக்கு 21 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும், நொடித்துப்போனவராக இருக்கக் கூடாது. நீங்களும் போடலாம், மனைவியும் போடலாம்; நிரந்தரவாசி என்பது தடையில்லை. மகள் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம்தான் வரும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். இதே காரணத்துக்காக, மகள் வேலைக்குப் போனதும் முகவரி, கைப்பேசி எண் மாறினால் வங்கிக்குச் சொல்லச் சொல்லுங்கள். தவணைக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், மாதங்கள் தவறி, கடைசியில் கேரண்டருக்குக் கடிதம் வரும்போதுதான் வீட்டில் பலருக்குத் தெரியவருகிறது.


தேக்கா_வாசகி:

அரசாங்கப் பர்சரியோடு நின்றுவிடாதீர்கள் அண்ணா. சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) உதவிநிதிக்கும் தனியாக விண்ணப்பியுங்கள். சம்பளத்தில் மாதாமாதம் சிபிஎஃப் வழி சிண்டா நிதிக்குப் பிடிப்பது இதுபோன்றவற்றுக்குத்தான். நம் பிள்ளைகள் கேட்டு வாங்குவதில் கூச்சம் எதற்கு? அலுவலகம் பீட்டி ரோட்டில், சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்து போகலாம். இணையப் படிவம் பிடிபடவில்லை என்றால் நேரில் போய்க் கேளுங்கள். இந்து அறக்கட்டளை வாரியமும் உதவிநிதி தருகிறது, அறிவிப்பு வரும் நேரத்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: மெண்டாக்கி (மலாய்/முஸ்லிம் சமூக உதவி அமைப்பு) வழி நடக்கும் கல்விக் கட்டண உதவித் தொகை மலாய் மாணவர்களுக்கானது. அடையாள அட்டையில் இந்தியர் என்று இருக்கும் பிள்ளைகளுக்குச் சிண்டாதான். அதோடு இந்திய முஸ்லிம் சங்கங்கள் பல, ஊர்ச் சங்கங்கள் உட்பட, ஆண்டுதோறும் கல்வி உதவி தருகின்றன. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையையும் தமிழ் முரசையும் பார்த்து வாருங்கள்.

எல்லா இடத்திலும் கேட்கும் ஆவணங்கள் பெரும்பாலும் அவைதான்: சேர்க்கைக் கடிதம், பெற்றோரின் வருமான ஆதாரம், சிபிஎஃப் பதிவு, அடையாள அட்டை நகல், மதிப்பெண் பட்டியல். ஒரே கோப்பில் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு விண்ணப்பமும் அரை மணி நேர வேலை. சில தனியார் உதவிநிதிகள் "வேறு உதவிநிதி பெறுபவராக இருக்கக் கூடாது" என்று நிபந்தனை வைத்திருக்கும். அதை மறைக்காமல் எழுதுங்கள், எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.


பொங்கோல்_வாசி:

இந்தத் திரியிலேயே கேட்டுவிடுகிறேன். நாங்கள் நிரந்தரவாசிகள். மகன் தேசிய சேவை முடித்து என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) போகிறான். எங்களுக்கும் மேலே சொன்னதெல்லாம் பொருந்துமா? எனக்கு 62 வயது, கேரண்டர் ஆக முடியாது போலிருக்கிறதே.


வட்டிக்_கணக்கு:

சில பொருந்தும், சில பொருந்தாது. அரசாங்கப் பர்சரியும் எடுசேவ் வழிக் கல்விக் கணக்கும் குடிமக்களுக்கு மட்டும். கல்விக் கட்டண மானியம் குடிமக்களுக்குத் தானாக வரும், நிரந்தரவாசி விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். சேர்க்கையை ஏற்றுக்கொள்ளும்போதே அதையும் செய்துவிடுங்கள். விட்டுவிட்டால் மானியமில்லாத முழுக் கட்டணத்துக்கு பில் வரும், அது பல மடங்கு. வெளிநாட்டு மாணவர்களுக்கு உள்ளது போல மூன்று ஆண்டு இங்கே வேலை பார்க்கவேண்டும் என்ற ஒப்பந்தம் நிரந்தரவாசிகளுக்கு இல்லை. மருத்துவம், பல் மருத்துவம் மட்டும் விதிவிலக்கு.

கல்விக் கட்டணக் கடன் உண்டு, ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். 90 விழுக்காடு என்பது குடிமக்கள் கட்டும் கட்டணத்தில் 90 விழுக்காடு. நிரந்தரவாசியின் கட்டணம் அதைவிட அதிகம். ஆகவே கையிலிருந்து போடவேண்டியது வெறும் 10 விழுக்காடு அல்ல. அந்தப் பத்தும், இரண்டு கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசமும் சேர்ந்து வரும். இந்த இடைவெளிக்கு முதலிலேயே வழி பாருங்கள். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் படிப்புக் கடன் என்று இன்னொன்று உண்டு. கட்டணக் கடனை முழுதாக எடுத்தவர்களுக்கு மீதிக் கட்டணத்துக்கும், ஆண்டுக்கு 3,600 வெள்ளி வரை வாழ்க்கைச் செலவுக்கும் அது உதவும். உங்களோ உங்கள் மனைவியோ சிபிஎஃபில் சேர்த்திருந்தால் அதையும் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் சொந்த உதவிநிதிகளில் நிரந்தரவாசிகளுக்கும் திறந்தவை இருக்கின்றன, நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கேரண்டராக நீங்கள் முடியாது. மனைவி 60-க்குள் இருந்தால் அவர், இல்லையென்றால் 21 வயது தாண்டிய அக்கா, அண்ணன், சித்தப்பா, மாமா யாராவது. பெற்றோர்தான் வேண்டும் என்றில்லை. குடிமகனோ நிரந்தரவாசியோவாக இருந்தால் சரி.


ஜூரோங்_அக்கா:

தனியார் கல்லூரியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் படிக்க நினைப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் ஒரு வரி: மேலே சொன்ன அரசாங்கப் பர்சரி, கல்விக் கட்டணக் கடன் எதுவும் அங்கே செல்லாது. வங்கிகளின் சாதாரணக் கல்விக் கடன்தான், அதற்கு படிக்கும்போதே வட்டி ஓடும். என்யூஎஸ், என்டியூ, எஸ்எம்யூ, எஸ்யூடிடி, எஸ்ஐடி, எஸ்யூஎஸ்எஸ் ஆகிய ஆறும் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள். இவற்றின் மானியமுள்ள முழுநேரப் படிப்புகளில் சேருபவர்களுக்குத்தான் இந்தத் திரி.

ஈசூன் அண்ணா, பாதி ஆண்டில் வண்டி ஓட்ட முடியாமல் போனாலோ, மனைவிக்கு வேலை போனாலோ, அடுத்த ஆண்டு விண்ணப்பம் வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவச் சான்றிதழோ ஆட்குறைப்புக் கடிதமோ வைத்து, மகள் யூனியின் நிதியுதவி அலுவலகத்திலும் மகன் பாலிடெக்னிக்கிலும் அன்றே தெரிவிக்கட்டும். சென்ற ஆண்டு வருமானத்தை வைத்துப் போட்ட பிரிவை இப்போதைய நிலைமைக்கு ஏற்ப மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அவசர நிதி தனியாக வைத்திருக்கிறார்கள், கேட்பவர்களுக்குத்தான் அது போகும்.